ஆறு ஏழு நாள்

கரிப்புகை ஜன்னலை அடைத்துவிட்ட உலான்பாத்தரில்
விடுதியின் நான்காம் மாடி. இரவு ஒன்றரை.
மூன்றாமாண்டு மருத்துவ மாணவி ஸோல்ஸயா
உப்பிட்ட பால்தேநீர் ஆறி ஆடை கட்டியதும் தெரியாமல்
ஒரு நோயைச் சுருக்கிக்கொண்டிருக்கிறாள்.

புரூசெல்லா.
காய்ச்சாத பாலில் வரும்,
குட்டி ஈனும் பருவத்தின் ஈரக் கைகளில் வரும்.
ஏறும், இறங்கும், இறங்கிவிட்டதென்று நம்பவைத்து
மறுபடி ஏறும் காய்ச்சல்.

முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தாள்:
'மேய்ப்பவர்கள் இதை வெறும் இடுப்புவலி என்று நினைத்துக்
குதிரையேறிப் போய்விடுகிறார்கள்.'
ஓரத்தில் மஞ்சளாக ஒரு சொல் முளைத்தது:
ஆதாரம்?
'என் சித்தப்பா' என்று தட்டினாள். அழித்தாள்.
சித்தப்பா மேற்கோள் ஆகமாட்டார்.
அவருக்கு இதழ் இல்லை, தொகுதி இல்லை, பக்க எண் இல்லை,
இடுப்பு மட்டும் இருக்கிறது.
மூன்று இரவு துழாவி ஒரு மாகாண ஆய்வைப் பிடித்தாள்.
அதில் பதினொரு சதவீதத்துக்குள் எங்கோ
அவர் குனிந்து உட்கார்ந்திருந்தார்.
வாக்கியத்தின் தோளில் சின்ன எண் ஒன்றை ஏற்றிவிட்டு
அடுத்த வரிக்குப் போனாள்.

மஞ்சள் குறிப்புகள் தர்கான் நகரத்து மாணவன் துகுல்துருடையவை.
முகம் பார்த்ததில்லை. அவனும் மூன்றாமாண்டுதான்.
'கொடிய' என்றால் எத்தனை பேரில் எத்தனை பேர் என்பான்.
'அவதிப்படுகிறார்' வேண்டாம், 'வலி உள்ளது' போதும் என்பான்.
முதலில் கோபம் வந்தது. பிறகு
அவன் கேட்குமுன்பே அவன் குரலில் தன்னைக் கேட்டாள்.

அன்றிரவு முப்பது சொற்களை வெட்டினாள்.
முப்பதில் ஒன்று ஏழு.

தமிழில் ஆறேழு நாள் என்றால் ஒரு தோராயம்.
அவள் மொழியில் வாரத்தின் பெயரே ஏழு நாள்.
ஆறுக்குப் பின்னால் மெல்லிய ஒரு ன் ஒலித்தால்
ஆறு ஏழு நாள் என்பது ஆறு வாரம்,
நாற்பத்திரண்டு விடியலிலும் மாத்திரை.
ஏழு போனால்
ஆறு நாள்.

காலை பத்தரைக்குக் குறிப்பு வந்தது:
'சிகிச்சை, இரண்டாம் வரி. ஏழு எங்கே?'
ஆச்சரியக்குறிகூட இல்லை.

ஏழைத் திரும்ப வைக்க நான்கு நொடி.
பிறகு எண்ணிப் பார்த்தாள்: ஒன்பது மணி நேரம், பத்தொன்பது பார்வை.
அதில் ஆறு அவளே. நான்கு துகுல்துர்.
இன்னும் ஆறு எந்திரங்கள் என்று வைத்துக்கொண்டாலும்
மூன்று மீதி.
மூன்று பேருக்கும் முகவரி இல்லை.
யாரோ ஒருத்தி, குன்றேறினால்தான் சிக்னல் கிடைக்கும் இடத்தில்,
காய்ச்சல் இறங்கிய ஏழாம் நாள்
மாத்திரை அட்டையை மடித்துப் பெட்டியில் வைக்கலாம்.
வைக்காமலும் இருக்கலாம்.

சேமிக்குமுன் ஒரு கட்டம் கேட்டது:
இது சிறு திருத்தமா?
ஒரு சொல்தானே. நாலெழுத்துகூட இல்லை.
சுட்டி கட்டத்தின்மேல் நின்றது, நகர்ந்தது.
குறியிடாமல் எழுதினாள்:
'ஏழு சேர்க்கப்பட்டது. நீக்கியது நான்.'
பழைய பதிப்பு அழியாது.
நிமிடக்கணக்கோடு, அவள் பெயரோடு,
தேடிப் போகிறவருக்கு எப்போதும் கிடைக்கும்.

மதியம் துகுல்துரின் கட்டுரை அவள் முறைக்கு வந்தது,
மர்மோட் அணிலும் பிளேக்கும்.
எண்களை மட்டும் முதலில் படித்தாள், வாய்விட்டு.
பக்கத்துக் கட்டிலில் ஸார்னை தலையணையால் காதை மூடிக்கொண்டாள்.
ஐந்தாம் பத்தியில் ஒரு மில்லிகிராம் கிராமாகியிருந்தது.
குறிப்பெழுதினாள்; ஆச்சரியக்குறி போட்டாள்; எடுத்தாள்.

மாலையில் சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.
அந்த வருஷம் மாத்திரை எத்தனை நாள் போட்டீர்கள்?
மறுமுனையில் காற்று, செம்மறி, ஒரு மோட்டார்பைக்.
'ஆறு' என்றார். காற்று.
'ஏழு நாள்' என்றார்.

நடுவில் ஒரு ன் இருந்ததா?

மறுபடி சொல்லுங்கள், என்றாள்.
மெதுவாகச் சொல்லுங்கள்.